உப்பில்லா ரொட்டி

மெஷின் மாட்ட வந்த இத்தாலிக்காரர்
பத்தொன்பது நாள் சிப்காட் கெஸ்ட் ஹவுசில் இருந்தார்.
சமையல் நான்.
அவர் பெயர் ரெனாட்டோ. என் பெயர் பூஷணம்.
கடைசிவரை அவருக்கு நான் 'பூசானோ'.

ஊர் எது என்றேன். லூக்கா என்றார்.
அது சுவிசேஷக்காரர் பேராச்சே!
சிரித்துக்கொண்டே போனில் ஒரு மதிலைக் காட்டினார்.
வேலூர்க் கோட்டையைப் படுக்கவைத்து
முதுகில் மரம் நட்டது மாதிரி.
மேலே சைக்கிள் விடுகிறார்கள்,
ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

எந்தச் சண்டைக்குக் கட்டினது?
சண்டையே வரவில்லையாம்.
ஒருமுறை ஆறு வந்ததாம்.
கதவைச் சாத்தி, சந்தில் மெத்தையை அடைத்து
வெள்ளத்தை வெளியே நிறுத்தினார்களாம்.
வெளியூர் போயிருந்த ராணியம்மாவை
மதில்மேல் கயிறு கட்டித் தூக்கி உள்ளே இறக்கினார்களாம்.

எங்களூரும் ராணி பேரில்தான் இருக்கு, சார்.
பாலாறு எப்போதாவதுதான் வரும்.
வந்த வருஷம் யாரும் கதவைச் சாத்தவில்லை,
பாலத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அன்வர்தீன் சார் இதை என்னவென்று சொன்னாரோ,
ரொம்ப நேரம் தலையாட்டினார்.

மூன்றாம் வாரம் அவரே ரொட்டி சுட்டார்.
மாவு, ஈஸ்ட், தண்ணீர்.
ஒரு துண்டு வாயில் போட்டேன்.
உப்பு மறந்துட்டீங்க.
மறக்கவில்லையாம்.
பைசா என்று ஒரு பக்கத்து ஊர்,
கோபுரம் சாய்ந்திருக்குமே, அதுதான்,
அந்தக் காலத்தில் உப்புக்கு வரி போட்டதாம்.
(பேருக்கேற்ற புத்தி.)
போங்கடா என்று ரொட்டியில் உப்பையே விட்டுவிட்டார்களாம்.
நிஜமா கதையா, அவருக்கும் தெரியாது.
ஆனால் ரொட்டி இன்றுவரை அப்படியே.

பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அதே நினைப்பு.
சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா என்று
இங்கே ரோஷம் கெட்டவனைக் கேட்போம்.
அங்கே ரோஷக்காரன்
உப்பைத் தொடாமல் எழுந்திருக்கிறான்.

சாயங்காலம் ஆட்டுத்தோல் லாரி வந்தது.
மடிப்புக்கு மடிப்பு உப்பு.
அதை உதறுகிற ஷெட்டில்தான் என் வீட்டுக்காரர்.
ராத்திரி அவர் சட்டையைக் கழற்றினால்
தரையில் மணல் கொட்டுகிற சின்னச் சத்தம்.

மறுநாள் கேன் தண்ணீர் வரவில்லை.
போர் தண்ணியில் உலை வைத்தேன்,
பருப்பையும் அதிலேயே.
உப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை.

விரலை நக்கிக்கொண்டு சொன்னார்:
"இன்றைக்குத்தான் உப்பு சரியாக இருக்கிறது, பூசானோ."

அன்வர்தீன் சார் என்னைப் பார்த்தார்.
நான் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.