பக்கம் அறுபத்தொன்று

ஐந்து டொலர் காசோலை ஒன்றும்
ஒரு பக்கக் கடிதமும் அனுப்பி
நூற்றுப் பத்து நாள் காத்திருந்ததற்கு
நகரசபை எங்களுக்குத் தந்தது
நூற்று நாற்பது பக்கக் கறுப்பு.

வரிக்கு வரி மை.
திகதிகள் மிஞ்சியிருந்தன. சில இடங்களில் ஒரு "மற்றும்".
ஒரு பக்கம் முழுக்க வணக்கம் மட்டும்,
யார் யாருக்குச் சொன்னதோ.

ஹோடனின் குசினி மேசையில் பரப்பினோம்.
மரிசெல் ஒவ்வொன்றாய் எடுத்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்,
முட்டைக்குள் கரு பார்ப்பதுபோல.
ஒன்றும் தெரியவில்லை.
ஸ்காபரோவின் வெயிலும் அன்று அரைகுறைதான்.

எனக்கு இது புதிதில்லை.
நான் பிறந்த நாட்டில் தணிக்கை வெள்ளையாய் வரும்:
பத்திரிகையின் நடுவே நாலு விரல் வெற்றிடம்.
அப்பா அதில் சைக்கிள் கடைக் கடன் கணக்கை எழுதுவார்.
இங்கே கறுப்பாய் வருகிறது.
இதில் ஒரு கணக்கும் எழுத ஏலாது.

நடந்தது இவ்வளவுதான்.
தை மாதம். பதினேழு மாடி. பத்து நாளாய்ச் சூடு இல்லை.
சதுக்கத்தில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தோம்.
கையுறையோடு தாள் பிரிக்க வராது,
அதனால் சிலருக்கு இரண்டு மூன்றாய்ப் போனது.
முப்பத்தொரு பேருக்கும் தலைக்கு
முந்நூற்று அறுபது டொலர் தண்டம்.
காரணம்: இடையூறு.
எங்களைவிட அங்கே நின்றவை புறாக்கள்.
அவற்றுக்கு ரிக்கெட் எழுதவில்லை.

குடியுரிமைச் சோதனைக்காக
பட்டயத்தின் இரண்டாம் பிரிவைப் பாடமாக்கியவள் நான்.
கருத்து. பேச்சு. அமைதியாய்க் கூடுதல்.
பஸ்சில் முணுமுணுத்து, பக்கத்துச் சீற்காரி எழும்பிப்போக.
இருபதுக்குப் பத்தொன்பது எடுத்தேன்.
பிழைவிட்டது ஏதோ மாகாணத்தின் தலைநகரம்.
இரண்டாம் பிரிவில் பிழைவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை, கூட்ட அறை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மைக்குக்கு மேலே பச்சை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு.
தலைவர் மரியாதையானவர்.
என் பெயரை நாலாய் உடைத்துவிட்டு
மன்னிப்பும் கேட்டார்.

அறுபத்தோராம் பக்கத்தின் அடியில், என்றேன்,
மை பூச மறந்த கையெழுத்தின் நுனி ஒன்று இருக்கிறது,
நாய்வால்போல மேலே சுருண்டு.
அது யாருடைய வால்?
எங்களை அகற்றச் சொல்லி எழுதிய அந்தக் கை
எந்தச் சட்டத்தைத் தொட்டு எழுதியது,
கட்டடக் கொம்பனி கேட்டா, கேளாமலா,
எந்த நாளில், எந்த

சிவப்பு.
"நன்றி. அடுத்தவர்."

அடுத்தவர் டெஸ்மண்ட். எட்டாம் மாடி, பஸ் ஓட்டுநர்.
வணக்கம் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை.
"தொலைபேசி அழைப்புக்குப் பிறகு," என்று
நான் விழுந்த இடத்திலிருந்து எழும்பினார்.
அவர் "இதற்குப் பொறுப்பு" என்னும்போது சிவப்பு.
ஹோடன் "யார்" என்று தொடங்கினாள்.

ஒரு வசனம்.
ஆளுக்கு ஆள் கைமாறி,
மேசையில் கதிரையில் முட்டாமல்
தாச்சிபோல எங்கள் தோளில் அது நகர்ந்தது.
நாலாம் மாடிப் பொடியன் நாற்பது விநாடிதான் எடுத்தான்:
தன் அறையின் பாகை அளவுகளை வாசித்தான்.
பதினொன்று. பதினொன்று. ஒன்பது.
மற்றது அம்மா இருமினது, அதை அளக்கேல்லை என்றான்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
பிறகு பட்டியலை.
எவரும் விதியை மீறவில்லை என்பதுதான்
அவருக்கு இருந்த ஒரே சிக்கல்.

மதிய இடைவேளை.
குறிப்பெழுதும் பெண் விரல்களை உதறினாள்.
அவளுடைய திரையில் எங்கள் வசனம்
ஒரு காற்புள்ளியில் நின்றது.
ஹோடன் பெட்டியைத் திறந்தாள். சம்பூசா, சூடாக.
வாசல் காவலாளிக்கும் ஒன்று கொடுத்தோம்.
இன்னும் பதினான்கு பேர்.