அசையாதே

மூன்றாம் தடவை கூப்பிட்டபோதுதான்
அது நான் என்று உறைத்தது.
பாவாலா கோடி.
பினாங்குப் பெரியாஸ்பத்திரியில்
பவளக்கொடி இப்படித்தான் இரண்டாக உடைகிறது.

தாலியைக் கழற்றி உறையில் போட்டேன்.
வளையல், ஊக்கு, கொண்டை ஊசி.
மூக்குத்திதான் வரவில்லை.
இருபத்தாறு வருஷம். திருகு
சதையோடு சம்பந்தம் பேசிவிட்டது.
சித்தி ஹஜார், சட்டையில் பெயர் குத்தியிருந்தாள்,
சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்து
மூக்கை இரண்டு விரலால் பிடித்தபடி
"சாகித், அக்கா? சாகித்?" என்றாள்.
வலிக்குதா என்று கேட்ட அழகுக்காக
இல்லை என்றேன்.
வலித்தது.

குழாய்க்குள் போனேன்.
கூரை முகத்துக்கு நாலு விரல் மேலே.
கையில் ஒரு ரப்பர் பந்து,
பயந்தால் அழுத்தணும்.
"ஜாங்ஙான் கெராக்," அசையக் கூடாது.

பிறகு சத்தம்.
பக்கத்து வீட்டில் எல்லாரும் சொல்லிப் பயமுறுத்திய சத்தம்.
எனக்கோ பழைய சினேகிதம்.
பாயான் லெப்பாஸ் பேக்டரியில்
பத்தொன்பது வருஷ இராத்திரி ஷிப்டு
இப்படித்தான் இரைந்தது.

என் வேலையும் உள்ளே பார்ப்பதுதான்.
ஆளை இல்லை, சில்லை.
நகக்கண் அளவு.
எக்ஸ்ரேத் திரையில் அதன் வயிற்றைப் பார்த்து
ஈயம் நன்றாகப் பிடித்திருக்கா,
நடுவில் காற்றுக் குமிழ் இருக்கா,
சொல்லணும்.
நல்லதுக்குப் பச்சைத் தட்டு, கெட்டதுக்குச் சிவப்பு.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு வயிறு.
சிவப்புத் தட்டு அப்புறம் எங்கே போகும் என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.

"தாரிக் நஃபாஸ். தாஹான்."
இழுத்தேன். பிடித்தேன்.
உள்ளங்கால் அரித்தது.
கேஸ் அடுப்பை அணைத்தேனா?
மறுபடி இழு, மறுபடி பிடி.
மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று
ஒவ்வொரு தடவையும் நம்பினேன்.
பந்து கைக்குள் வேர்த்தது. அழுத்தவில்லை.

பலகை வெளியே நழுவியபோது
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சித்தி ஹஜார் திரையருகே குனிந்திருந்தாள்.
வாய் இலேசாகத் திறந்திருந்தது.
பார்க்காமலே கை பேனாவைத் தேடியது.

அந்தக் குனிவு எனக்குத் தெரியும்.
நல்ல சில்லுக்கு யாரும் குனிவதில்லை.

அல்லது, மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பாள்.
அதுவும் உண்டு.
எங்கள் லைனில் சியூ இங்
மாசத்துக்கு இரண்டு தடவை அப்படித்தான் வருவாள்.

"சியாப், அக்கா. ரிசல்ட் மூணு வாரம்."
முகத்தைப் பார்த்தேன்.
அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
அவளுக்கும் ஒரு சூப்பர்வைசர் இருப்பார்,
வாயைத் திறக்காதே என்று சொல்லி.
எனக்கும் இருந்தார்.

மூக்குத்தியை நானே போட்டுக்கொண்டேன்.
நாளெல்லாம் சோப்பு வாசனையில்தான் மூச்சு விடணும் போல.

பார்க்கிங் கிடைக்காமல்
ஆஸ்பத்திரியைப் பதினோரு முறை சுற்றினாராம் தணிகை.
எந்தக் கோயிலையும் அத்தனை முறை சுற்றியவரில்லை.
மழையில் மைவி வந்து நின்றது.
"என்ன சொன்னாங்க?"
"அசையாதேன்னு சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை.
பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.
வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.
அப்புறம்தான் கியர் போட்டார்.