திருப்பக் கூடாத நாட்கள்

பாலிக் பூலாவில் வாங்கிய பதினான்கு காடை முட்டைகள்
அரிசி நிரப்பிய டப்பாவுக்குள்,
மோட்டோவின் முன்கூடையில்.
மலை வளைவுகளில் நான் பிரேக் பிடித்ததெல்லாம் அவற்றுக்காகத்தான்.
பின்னால் ஹாரன் அடித்த லோரிக்காரனுக்கு
அது தெரிய நியாயமில்லை.

மீன் வந்த வெள்ளைப் பெட்டி,
இருபத்தைந்து வாட் பல்பு,
செத்துப்போன கம்ப்யூட்டரின் சின்னக் காற்றாடி.
முப்பத்தேழு புள்ளி ஏழு.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு வருஷமாக
சில்லுகளைச் சூட்டில் வைத்து
தாங்குகிறதா என்று பார்க்கிறவள் நான்.
சூடு எனக்குப் புதிதில்லை.
தாங்கிவிடவேண்டுமே என்று நினைத்ததுதான் புதிது.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால்
ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி.
காலை எட்டுக்கு நான். மாலை ஆறுக்கு நான்.
இரவு பத்துக்கு மெஹருன்னிசா.
அவள் பகல் ஷிப்ட், நான் இரவு.
என்னை இறக்கிவிட அவளை ஏற்றிச்செல்லும் பஸ்
இடையில் ஒரு சுற்று சுற்றி வரும்.
ஜெலுத்தோங் பிளாட்டின் பதினோராம் மாடியில்
இரண்டு வருஷமாக வாடகையைப் பங்கிட்டும்
ஈரத் துண்டை வைத்துத்தான்
ஒருத்தியை ஒருத்தி அறிந்திருந்தோம்.

ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
திருப்பினால் ஒரு கோடு போடு, அவ்வளவுதான்.
நான்காம் நாள் கோட்டின் பக்கத்தில்
"பூசணி கறி இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

ஏழாம் நாள் இருட்டில் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன்.
புள்ளி தெளித்த ஓடு
உள்ளே இருப்பதைக் காட்ட மறுத்துவிட்டது.
வேலையிடத்தில் பார்க்க முடியாததை
ரிஜெக்ட் பெட்டியில் போடுவோம்.
இங்கே திரும்ப வைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, தாளில்:
"கரண்ட் இல்ல. 2.10லேர்ந்து 4.35.
சுடுதண்ணி போத்தல் நாலு வச்சேன். என் போர்வை.
34க்குக் கீழ போகல.
தூங்கல."
கடைசிச் சொல்லை அடித்திருந்தாள்.
படிக்க முடிகிற மாதிரி அடித்திருந்தாள்.

பதினைந்தாம் நாள் முதல் திருப்பக் கூடாது.
ஈரப் பஞ்சு வைத்து மூடியாயிற்று.
எட்டு மணிக்கு என் கை
தானாகப் பெட்டிப் பக்கம் போய்த் திரும்பியது.
தாளில் போடக் கோடு இல்லை.
ஆனாலும் அவள் எழுதினாள், நான் எழுதினேன்:
மழை, வாடகை, அவள் தம்பியின் கடன்,
எனக்கு வரும் ஒற்றைத் தலைவலி.

பதினாறாம் நாள் எனக்கு லீவு.
லோக் லோக் வண்டியில்
குச்சிக்கு நான்கு காடை முட்டை.
கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தேன்.
பிறகு கச்சான் குழம்பில் முக்கிச் சாப்பிட்டேன்.
பொய் சொல்வானேன், இரண்டு குச்சி.

பதினெட்டாம் நாள் காலை ஏழு நாற்பது.
வாசலில் அவள் செருப்பு.
பஸ்ஸை விட்டுவிட்டாள்.
தொழிற்சாலைச் சட்டையோடு பெட்டியின் முன் குந்தியிருந்தவள்
திரும்பாமலே விரலை மட்டும் காட்டினாள்: எட்டு.

கட்டைவிரல் கணு அளவு.
நனைந்த பஞ்சாக இரண்டு,
உலர்ந்து ஓடுவதாக ஆறு,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தபடி.
மூழ்கிவிடாமலிருக்க போத்தல் மூடித் தண்ணீரில் போட
எதிர்வீட்டுப் பையனிடம்
கோலிக்குண்டு வாங்கி வைத்திருந்தாள்.
பதினான்குக்கு எட்டு, ஐம்பத்தேழு விழுக்காடு.
எங்கள் லைனில் இப்படி வந்தால்
மிஸ்டர் கோ மீட்டிங் போடுவார்.

ஒன்பதாவது பெருக்கல் குறிக்கு நடுவில்
ஒரு சிறு பொத்தலோடு நின்றிருந்தது.
நேற்று இரவிலிருந்து அப்படியே.
அலகு தெரிகிறது. அசைகிறது. நிற்கிறது.
"உடைச்சு விடுவோமா?"
அவள் குரல் இவ்வளவு கரகரப்பு என்று
இப்போதுதான் தெரிந்தது.
வேண்டாம், ரத்தம் வரும் என்று படித்திருந்தேன்.
வேண்டும் என்றும் படித்திருந்தேன்.

நான் தூங்கப் போகவில்லை.
அவள் லீவு சொல்லப் போன் எடுக்கவில்லை.
ஒரு தட்டல்.
அடுத்ததற்குக் காத்திருந்தோம்.
அடுக்களையில் யாரோ போட்ட கெட்டல்
கொதித்து, தானாக அணைந்தது.