வாடை

ஷஃபான் பிறை பதினொன்று.
கொடைக்கானலில் மேகம், பிறை தெரியவில்லை.
காலண்டர் போதும்.
கிட்டங்கிக் கதவை உள்ளே தாழிட்டு
மூட்டைகளை எண்ணினேன்.

பூம்பாறைப் பூண்டு ஒன்பது,
மன்னவனூர் முப்பத்து நான்கு,
பரணில் புகை குடித்துக் கிடக்கும் கூக்கால் பூண்டு
எட்டோ ஒன்பதோ.
ஏறி எண்ணினேன். ஒன்பது.
ஆக இரண்டாயிரத்து அறுநூறு கிலோ.

வடுகபட்டிக்குப் போன் போட்டு விலை கேட்டேன்.
"இன்னிக்கு இருநூத்திப் பத்து பாய்.
நாளைக்கு வடக்கத்திப் பூண்டு ஆறு லோடு இறங்குது,
நூத்தி எழுபதுக்கு வந்துரும். இப்பவே தள்ளி விட்ருங்க."
அவர் விற்கச் சொன்னார்.
என் காதில் விழுந்தது வேறு:
ஒரு ராத்திரி பொறுத்து எண்ணினால்
ஜகாத்தில் இரண்டாயிரத்து அறுநூறு மிச்சம்.
கால்குலேட்டரும் ஆமாம் என்றது.
அதற்கென்ன, அது நோன்பா பிடிக்கிறது?

பிறை வருஷம் பதினொரு நாள் குட்டை.
என் கணக்கு நாள் முன்பு சித்திரையில் வந்தது,
சுற்றுலா வண்டிகள் பெருமாள்மலை வரை நின்றபோது.
பிறகு பங்குனி, மாசி என்று பின்வாங்கி
இப்போது தையில், புல்லெல்லாம் உறைபனியோடு.
கிட்டங்கி நிறைந்த வருஷமும் பார்த்திருக்கிறது,
எலி மட்டும் ஓடிய வருஷமும் பார்த்திருக்கிறது.
அதனிடம் போய் நாளைக்கு வா என்றால்?

சரக்கு, கைரொக்கம், வரவேண்டியது,
கொடுக்கவேண்டிய லட்சத்தைக் கழித்து
ஆறு லட்சம்.
நாற்பதில் ஒன்று, பதினைந்தாயிரம்.
இருநூற்றுப் பத்திலேயே எழுதினேன்.
மறுநாள் விலை நூற்று அறுபத்தெட்டு.

ஜமாஅத் நோட்டில் வாங்குகிறவர் பெயர் எழுதுவதில்லை.
"கடனாளி, ஒருவர், ஆறாயிரம்"
என்று ஒரு பழைய வரி இருக்கும்,
ஆலங்கட்டி விழுந்த வருஷத்தில்.
அந்த ஒருவர் நான்.

வத்தலக்குண்டு வட்டிக்காரன் என் ஜீப்பின் புத்தகத்தை
வைத்திருந்தான்.
செயலாளர் இஷாவுக்குப் பிறகு
என் கோட்டுப் பையில் ஓர் உறையைச் செருகினார்.
ஜீப் திரும்பியது. மூன்று மூட்டை வாங்கிப் போட்டேன்.
மறுவருஷம் பதினொன்று.
இதெல்லாம் நல்லபடி.

ஆனால் உறையைப் பிரித்த ராத்திரி
நோட்டுகளில் தைல வாடை.
இந்த ஊரில் அப்படி மணக்கும் காசு ஒருவருடையதுதான்:
தைலக்கடை அபூசாலிகு.
யாருக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது.
யார் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்து தொலைத்தது.
அன்றிலிருந்து ஆறு வருஷம்
அந்தக் கடை வந்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவேன்.
பிள்ளைக்குச் சளி பிடித்தபோதும்
மலைத் தைலம் வாங்க
மலையிறங்கி வத்தலக்குண்டுக்குப் போனேன்.
அவர் சலாம் சொன்னால் பதில் சொல்வேன், தரையைப் பார்த்து.

அவர் மவுத்தான அன்று
கபன் துணியில் கற்பூர வாடை மட்டும் இருந்தது.
அன்றைக்குத்தான் பக்கத்தில் போய் நின்றேன்.

என் விரல் எத்தனை சோப்புப் போட்டாலும் பூண்டு.
கல்லாப்பெட்டி பூண்டு.
அதனால் வருஷா வருஷம் இந்தப் பணத்தை
பேங்க்கில் கொண்டுபோய் மாற்றுகிறேன்.
"கிழிஞ்ச நோட்டா பாய்?" கேஷியர் கிறிஸ்டி கேட்டாள்.
"இல்லம்மா."
"அப்புறம்?"
"மணக்குது."
சிரித்துக்கொண்டே புதுக் கட்டுகளை எடுத்தாள்.
உறையின் வாயை விரித்துப் பிடித்தேன்,
அவளே போட்டாள். நான் தொடவில்லை.

இந்த வருஷம் யாருக்குப் போயிற்றோ, கேட்கவில்லை.

வெள்ளி சாயந்தரம் மூஞ்சிக்கல்லில்
என்னைக் கண்டதும் ஒரு பையன்
சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான்.
பஸ்ஸுக்குத்தான் போகிறான்.
பஸ் வந்து
அவன் ஏறும் வரைக்கும்
நின்று பார்த்தேன்.