ஆறு இலக்கம்

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை. ஆனி மாதம்.
தெருவெல்லாம் அழுகிய மாந்தோல் வாசம்.

ஹம்சவேணி எட்டாம் வகுப்பு.
உதவித்தொகைத் தேர்வுக்கு ஏதோ செயலியாம்.
பிறந்த தேதி கேட்டது. உண்மையைச் சொன்னாள்.
உடனே திரை குறுக்கே கை நீட்டியது:
பெற்றோர் சம்மதம் வேண்டும்,
அம்மாவின் எண்ணுக்கு ஆறு இலக்கம் போயிருக்கிறது,
பத்து நிமிடம்.

அம்மா மாம்பழக்கூழ் கம்பெனியில்.
கூழில் எதுவும் விழக்கூடாதென்று
வளையல், பொட்டு, செல்போன் எல்லாம்
கேட்டில் வாட்ச்மேன் பெட்டிக்குள்.
நூற்றுச் சொச்சம் போன்களில்
அதிர்ந்தது எதுவென்று யார் கண்டது.

மூன்று முறை அனுப்பினோம்.
மூன்று முறையும் பத்து நிமிடம் செத்தது.

போன மாதம்தான் கலெக்டர் ஆபீஸில் கூட்டம்.
பிள்ளைகளின் விவரம் பிள்ளைகளுக்கே சொந்தம் என்றார் வந்தவர்.
நல்ல சட்டம். தலையாட்டினேன்.
வெளியே வரும்போது ஒரு நோட்டில்
பெயர், ஆதார், செல் நம்பர் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.

வரிசையில் ஏழு பேர். பட்டா, சாதிச் சான்று, கரண்ட் பில்.
"அக்கா, அஞ்சரை பஸ் போயிடும்."
இரண்டாயிரத்து நான்கு என்று தட்டியவள் நான்தான்.

ஒரு விரல் பட்டதில் இருபத்தொரு வயதானாள்.
செயலி வாழ்த்துச் சொல்லி உள்ளே விட்டது.

கணக்குப் பாடத்துக்கு முன்னால்
தாலிச் செயின் தள்ளுபடி.
மறுநாள் நகைக்கடன்.
அதற்கு மறுநாள்
உங்கள் சமூகத்தில் நல்ல வரன்கள்,
இருபது கிலோமீட்டருக்குள்.

எங்கள் பக்கம் இது விளையாட்டுப் பேச்சில்லை.
அவள் பெஞ்சில் ஒருத்தி
கோடை லீவு முடிந்தும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதம்மா வந்தாள்,
நகக்கண்ணில் போகாத மஞ்சள்.
போனை நீட்டினாள். மூன்று செய்தியும் அப்படியே இருந்தது.
"என் அனுமதி கேக்குறாங்கன்னு
பக்கத்து லைன்காரி படிச்சுச் சொன்னா."

காலாவதி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என் கல்யாணத்துக்கே என்னை யாரும் கேக்கல.
இவங்களுக்கு என்னான்னு பதில் போடணும்?"

பிரிண்டர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு நின்றது.
"மொதல்ல தேதியைத் திருத்தலாம்.
பாப்பா பொறந்தது என்னைக்கு?"

யோசிக்கவே இல்லை அவள்:
"மாங்கா ஏமாத்துன வருஷம்.
செவ்வாக்கெழமை. விடியக்காலை மழை."

நாள், மாதம், ஆண்டு.
மூன்று கட்டங்கள்
வெறுமனே மினுக்கிக்கொண்டிருந்தன.