ரசீது எண் 7203

ஜூலை என்றால் இங்கே குளிர்காலம்.
உருகுவேயின் தென்மேற்கில், நுவேவா எல்வேசியாவில்,
பால் கூட்டுறவின் பின்னறை.
மண்ணெண்ணெய் அடுப்பு என் முழங்காலை மட்டும் சூடாக்குகிறது.
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பதினைந்து நாள் பால்காசு
இன்றிரவு போயாகவேண்டும்.

எனக்கு முன்பு இந்த நாற்காலியில் யமந்து.
நல்லவன். மத்தே குடுவையைக் கழுவாமல்
மொந்தேவிதேயோவுக்குப் போய்விட்டவன்.
அவன் எழுதிய ஸ்கிரிப்ட்டின் அடியில் ஒரு வலை இருந்தது:
எந்தப் பிழை வந்தாலும் பிடி,
பிடித்தபின் ஒன்றும் செய்யாதே,
அடுத்த பெயருக்குப் போ.
ஆறு வருடம் அது விழுங்கியது,
ஒரு ஏப்பம்கூட இல்லாமல்.

போன மாதம் க்ளோதில்தே ரோட் இரண்டு முறை வந்தாள்.
கையுறையைக் கழற்றாமலே ஜன்னலில் நின்று
"காசு வரவில்லை" என்றாள்.
நான் திரையைப் பார்த்து
"கொடுத்தாயிற்று என்றிருக்கிறதே" என்றேன்.
இரண்டாம் முறையும் அதையே சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாக.

அவள் போனபிறகுதான் வரிவரியாகப் படித்தேன்.
'கொடுத்தாயிற்று' என்று குறிப்பது முதல் வரி.
கொடுப்பது இரண்டாம் வரி.
இரண்டாவது இடறி விழுந்தால்
முதலாவது அப்படியே நிற்கும்,
பொய்யாகவும் அல்லாமல் மெய்யாகவும் அல்லாமல்.

வலையை அறுத்தேன்.
மேலே 'தொடங்கு'. கீழே 'உறுதி செய்'.
நடுவில் எது உடைந்தாலும் எல்லாம் பழையபடி.
எழுதி முடித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று, மூன்று நாற்பதுக்கு,
இருநூற்று அறுபத்தேழாவது பெயரில் சிவப்பு எழுத்து.
ரோட், க்ளோதில்தே.
கணவன் இறந்தபின் மாற்றிய கணக்கு எண்ணில்
பூஜ்ஜியம் இருக்கவேண்டிய இடத்தில்
ஓ என்ற எழுத்து.
தட்டச்சு செய்தது எங்கள் அலுவலகத்துக் கை.
என் கையாகவும் இருக்கலாம்.

அவளுக்கு முன்னால் போன இருநூற்று அறுபத்தாறு பேரின் காசும்
வந்த வழியே திரும்பியது.
அட்டவணை நேற்றைய முகத்தோடு நின்றது.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நாலு மணிக்குத் தொலைபேசி.
எபெர் கூகல்மையர். கறவைக் கொட்டகையிலிருந்து.
"காசு வந்தது என்று செய்தி வந்திருக்கிறது,
ரசீது எண்ணோடு.
வங்கியில் ஒன்றும் இல்லை. எதை நம்ப?"

அப்போதுதான் கண்ணில் பட்டது:
குறுஞ்செய்தி அனுப்பும் வரி
தொடக்கத்துக்கும் உறுதிக்கும் நடுவில்.
டேட்டாபேஸ் தன் வீட்டுக்குள் நடந்ததைத் திருப்பும்.
வாசல் தாண்டிப் போனதன் பெயர்கூட அதற்குத் தெரியாது.

"ரத்தாகிவிட்டது" என்றேன்.
"எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டது."
இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது.
"அப்படியானால் இன்று கறந்ததை
மாட்டுக்குள் திருப்பி ஏற்றிவிடவா?"
சிரித்தாரா என்று தெரியவில்லை.

குறுஞ்செய்தி வரியை வெட்டி
உறுதிக்குக் கீழே ஒட்டினேன். வேலை அவ்வளவுதான்.
பிறகு ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒரு மீள்புள்ளி நட்டேன்;
ஒருத்தி இடறினால் அதுவரை மட்டும் திரும்பட்டும்,
மற்றவர்கள் நடக்கட்டும்,
இடறியவள் பெயர் விடிந்ததும் என் மேசைக்கு வரட்டும்,
ஜன்னலுக்கு அவள் வருமுன்.
ஓவை அழித்துப் பூஜ்ஜியம் அடித்தேன்.
திரையில் இரண்டுக்கும் ஒரே உருவம்.
நம்பாமல் மறுபடி அழித்து மறுபடி அடித்தேன்.
போன தவணையையும் அவள் பெயரில் சேர்த்தேன்.
உறுதி செய்.

அக்டோபரில் தணிக்கைக்கு வந்தவள், ஓப்டுலியா பெர்தின்,
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.
"7118க்கு அடுத்து 7386.
நடுவில் இருநூற்று அறுபத்தேழு ரசீதுகள் எங்கே?"

எண் தரும் பெட்டி மட்டும் பின்னோக்கிச் சுழலாது,
தந்தது தந்ததுதான் என்றேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.
"அந்த எண்கள் எங்கேயும் இல்லையா?"

எபெரைச் சந்தையில் பார்த்தபோது கேட்டேன்.
கைபேசியை எடுத்துக் காட்டினார்: ரசீது எண் 7203.
அழிக்கச் சொன்னேன்.
அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வெங்காயம் என்ன விலை என்று கேட்டார்.