இரட்டைப்படை

எங்கள் நாட்டில் செத்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ.
நான்கு, ஆறு, பெரிய துக்கமென்றால் பத்து.
பிறந்தநாளுக்கும் காதலுக்கும் ஒற்றைப்படை.
லாத்வியாவின் கிழக்கோரம்,
பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை போட்டு
இருபத்தாறு வருடமாக
நான் படித்திருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

மார்ச் பதினாறில் ஆர்வீட்ஸ் வருவார்.
மேலங்கியின் பனியை உதறாமலே உள்ளே நுழைந்து
எட்டு வெள்ளைக் கார்னேஷன் என்பார்.
அவருடைய சித்தப்பா பத்தொன்பது வயதில்
ஜெர்மானியச் சட்டையில் செத்தவர்.
"பிடித்துக்கொண்டு போனார்கள்" என்பார் ஒரு வருடம்.
"நாட்டுக்காகப் போனார்" என்பார் மறு வருடம்.
முந்தின இரவு தொலைக்காட்சியில்
யார் பேசினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

மே ஒன்பதில் அன்ஃபிசா.
ஆறு சிவப்பு. காம்பை வெட்டாதே,
தூபியின் படியில் வைத்தால் தலை தெரிய வேண்டும்.
அவளுடைய பெரியப்பா செம்படை.
ஏரிக்கு அந்தப் பக்கச் சதுப்பில்
தொப்பி மட்டும் கிடைத்ததாம்.
"உங்களை விடுவித்தவர்" என்பாள் சில்லறையை எண்ணியபடி,
பாக்கிக் கடனை
நினைவுபடுத்துகிற குரலில்.

சிவப்பும் வெள்ளையும் வருவது ஒரே லாரியில்.
என் கடையில் நிற்பது ஒரே வாளியில்.

இடையில், மே எட்டு. நகராட்சி குமாஸ்தா
மலர்வளையம் கேட்பான், ரசீதும் கேட்பான்.
நாடாவில் 'எல்லாப் பலிகளுக்கும்' என்று எழுத வேண்டும்.
எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன்,
நாடாவின் நீளத்துக்காகத்தான் கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

என் பாடப்புத்தகத்தில் நாற்பத்து நான்கு 'விடுதலை'.
என் மகளுடைய புத்தகத்தில் 'மறு ஆக்கிரமிப்பு'.
என் அம்மாவிடம் இந்த இரண்டு சொல்லும் இருந்ததில்லை.
வந்தார்கள் என்பாள். போனார்கள்.
இவர்கள் வந்தார்கள். அவர்கள் வந்தார்கள்.
பசுவைக் கொண்டுபோனது யார் என்று கேட்டால் மட்டும்
தெளிவாகச் சொல்வாள்:
பக்கத்து வீட்டுக்காரன்.

தூபியை இடித்த வருடம்
கிரேனுக்கு மூன்று நாள் வாடகை.
ஆர்வீட்ஸ் கைதட்டுவார் என்று நினைத்தேன்.
வந்தார், பூ வாங்கவில்லை,
கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு
"அஸ்திவாரம் ஆழமாகப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.
அடுத்த மே ஒன்பதில்
வெறும் சரளைக்கல் மேல் ஆறு சிவப்பு.
காவலன் வந்து, யார் வாங்கியது என்றான்.
உயிரோடிருக்கிற ஒருத்தி என்றேன்.
எழுதிக்கொண்டான், எழுத்துப்பிழையோடு.

இருவரையும் ஒருமுறைதான் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன்.
ஆகஸ்டில், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்.
அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் நுழைந்தாள்.
இரத்த அழுத்த மாத்திரை விலை பற்றிப் பேசினார்கள்.
அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கட்சி.

போன கோடையில் வாடகைக் காரில் ஒருவன்.
ஊருக்கு வெளியே பைன் காட்டில்
அந்தக் குழி எந்தப் பக்கம் என்று கேட்டான்.
எந்தக் குழி என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.
எங்கள் ஊரில் யாருமே கேட்க மாட்டோம்.
வழி சொன்னேன்: மரஅறுப்பு ஆலை தாண்டி, இடது.
அங்கே போவதற்கென்று
ஒரு வருடமும் ஒரு தேதியிலும்
யாரும் என்னிடம் பூ வாங்கியதில்லை.
அவனும் வாங்கவில்லை.
ஆர்கிட் தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து
என்ன விலை என்றான்.
எனக்கு வாய் வரவில்லை.

போகும்போது கதவு நிலையின் வலப்பக்கத்தை
விரலால் தடவிப் பார்த்தான்.
ஐந்து பூச்சுப் பெயிண்ட் அங்கே.
நான் வாங்கும்போது இது பூக்கடை,
அதற்கு முன் ஷூ கடை,
அதற்கும் முன்,
வந்தவர்கள் வருவதற்கு முன்,
பட்டன் விற்றார்கள் என்று கேள்வி.

தோள் உயரத்தில், சாய்வாக,
மேலொன்று கீழொன்று ஆணித்துளை.
மேல் துளையில் ஒரு கொக்கி மாட்டி
என் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருந்தேன்,
இருபத்தாறு வருடமாக,
கைக்கு வாகாக இருக்கிறதென்று.

அன்று மாலை அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையில் பிடித்தபடியே
கடையைப் பூட்டினேன்.